அம்பாசிடருக்கு 'பவர் லைட்' போடுறீங்களா? முன்னாடி பளபளப்பு... பின்னாடி ஆபத்து!

காணை:
விழுப்புரம் மாவட்டம் காணை ஒன்றியத்தில் இருட்டின பிறகு வண்டி ஓட்டினவங்களுக்கு இது நல்லாத் தெரியும். எதிரே ஒத்தை லைட் வரும். பைக்குன்னு நினைச்சு ஓட்டினா, கிட்ட வந்ததும் அது டிராக்டரா இருக்கும். முன்னாடி ஏதோ கருப்பா தெரியுதேன்னு பிரேக் அடிச்சா, கரும்பு லோடு ஏத்தின டிரெய்லர் நிக்கும். சிவப்பு விளக்கு இருக்காது, ஸ்டிக்கரும் இருக்காது.

இந்த ரோட்டில்தான் பழைய அம்பாசிடர், பியட் கார்களும் ஓடுகின்றன. கல்யாண மாப்பிள்ளை ஊர்வலம், கோவில் திருவிழா, ஆஸ்பத்திரி அவசரம் என்று எதுக்கும் அசராத வண்டிகள். குறை ஒன்றே ஒன்றுதான். ஹெட்லைட் போட்டால் அகல் விளக்கு ஏத்தின மாதிரி மஞ்சளா இருக்கும்.

அதனால் பலபேர் கடைக்குப் போய் வெள்ளை வெளேர்னு எரியும் எல்.இ.டி. பல்பை வாங்கி மாட்டி விடுகிறார்கள். இது சரியா? வண்டிக்காரருக்கு லாபமா, எதிரே வருகிறவருக்கு எமனா? வாங்க, அலசலாம்.

கோளாறு பல்பில் இல்லை!

மேற்கு வங்காளம் உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்று போனது. பிரீமியர் பத்மினியும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதுக்கு ரொம்ப முன்னாடியே நின்றுவிட்டன. ஆக இப்போ ஓடுகிற பழைய வண்டிகளில் பெரும்பாலானவை 15 வயசைத் தாண்டியவை. உள்ளே ஓடும் வயருக்கும் அதே வயசு.

பழைய வண்டியில் பேட்டரி கரண்ட் நேராக பல்புக்குப் போகாது. டேஷ்போர்டு சுவிட்ச், டிம் சுவிட்ச் என்று எல்லா இடமும் சுத்திவிட்டுத்தான் போகும். வயர் நைந்து, சுவிட்ச் தேய்ந்து, எர்த் துருப்பிடித்துக் கிடந்தால் வழியிலேயே வோல்ட் குறைந்து விடும்.

பல்புக்கு வரும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்து போகும். அதாவது 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 10.8 வந்தால், மூணில் ஒரு பங்கு வெளிச்சம் காலி! புது பல்பு போட்டும் 'டல்'லா எரியுதேன்னு புலம்புறவங்களுக்கு பெரும்பாலும் காரணம் இதுதான்.

இதுக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள். ரெண்டு ரிலே, ஒரு பியூஸ், பேட்டரியில் இருந்து நேராக ஒரு தடியான வயர், ஹெட்லைட்டுக்கு சுத்தமான எர்த். பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டி விடும். பாரம் முழுக்க புது வயர் தாங்கிக்கொள்ளும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. பல்பை மாத்தாமலே வெளிச்சம் கூடும்.

சிலர் 60/55 வாட் எச்4 பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட் பல்பு போடுகிறார்கள். இது விஷப்பரீட்சை. ரெண்டு பக்கமும் சேர்ந்து 200 வாட். கிட்டத்தட்ட 17 ஆம்பியர் அந்தப் பழைய வயரில் ஓடும். டைனமோ வண்டியாக இருந்தால் ஸ்லோவில் நிற்கும்போது பேட்டரி இறங்கும். வயர் சூடாகி உருகினால் அப்புறம் வண்டியே புகையும். உஷார்!

எல்.இ.டி. போட்டால் என்ன தப்பு?

அம்பாசிடரின் உருண்டை ஹெட்லைட்டில் உள்ளே இருக்கும் கிண்ணமும் கண்ணாடியும் இழை பல்புக்காக செய்தவை. இழை எந்த இடத்தில் எரியணும் என்பதற்கு மில்லிமீட்டர் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில்தான் வெளிச்சம் ரோட்டில் விழும், எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகாது.

அந்த இடத்தில் மலிவு எல்.இ.டி. பல்பை சொருகினால் கணக்கு குழம்பி விடும். வெளிச்சம் கன்னாபின்னாவென்று சிதறும். உட்கார்ந்து ஓட்டுறவருக்கு பக்கத்தில் இருக்கும் ரோடு பளிச்சுன்னு தெரியும். அதைப் பார்த்து "அடேங்கப்பா, என்னா வெளிச்சம்!" என்று தோணும். ஆனால் தூரத்தில் முன்னைவிட கம்மியாகவே தெரியலாம். எதிரே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் குடும்பத்தோடு வருகிறவருக்கோ சில வினாடி கண்ணே தெரியாது. நம்ம ஊர் ரோட்டில் ஓரத்தில் நெல் காயும், மாடு படுத்திருக்கும். அந்த சில வினாடி போதாதா?

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டுமே கூட கிடைக்கலாம்.

1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு அருமையான சோதனை இருக்கிறது. வண்டி விளக்கில் இருந்து 8 மீட்டர் முன்னாடி, வண்டியின் வலது ஓரத்தில் இருந்து அரை மீட்டர் தள்ளி, தரையில் இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருத்தர் கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. அவ்வளவுதான்!

இதுக்கு மெஷின் வேண்டாம். ராத்திரி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி 'டிம்' போட்டுவிட்டு, வீட்டில் யாரையாவது அந்த இடத்தில் நிற்கச் சொல்லுங்க. கையை வெச்சு கண்ணை மறைச்சாங்கன்னா உங்க ஹெட்லைட் தப்பு.

50 வருஷத்துக்கு மேற்பட்ட காரை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் தனி விதி வந்தது. புது பதிவுக்கு 20 ஆயிரம், புதுப்பிக்க 5 ஆயிரம் ரூபாய். அதுக்கும் வண்டி பழைய உருவம் மாறாமல் இருக்கணும். அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது என்பதையும் மறந்துடாதீங்க.

மறந்து போன பின் விளக்கு

இப்போ மெயின் மேட்டருக்கு வருவோம். ஹெட்லைட்டுக்கு ஆயிரம் ஆயிரமா செலவு பண்றவங்க, பின்னாடி ஒரு தடவை நடந்து போய் பார்க்கிறதில்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 64 ஆயிரத்து 105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அதே வருஷம் நாடு முழுக்க நடந்த விபத்துகளில் எந்த வகை அதிகம் தெரியுமா? பின்னால் இருந்து மோதுவது! அஞ்சில் ஒரு பங்குக்கு மேல் இதுதான்.

பின் விளக்கின் சிவப்பு வெளிச்சம் 155 மீட்டர் தூரத்தில் தெரியணும் என்கிறது விதி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அது சுமார் 9 வினாடி அவகாசம். உங்க விளக்கு மங்கி, 30 மீட்டரில்தான் தெரியுதுன்னா அவருக்கு ரெண்டு வினாடி கூட கிடைக்காது. அவர் பிரேக்கில் கால் வைக்கும்போது உங்க டிக்கியில் இருப்பார். காணையில் இருந்து கிளம்பி சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் ஏறினால், பின்னாடி வருவது 60-ல் வராது, 100-ல் வரும்.

பழைய வண்டியின் பின் விளக்கு ஏன் மங்குது? சிவப்பு கண்ணாடி வெயிலில் வெளுத்துப் போகும். உள்ளே கிண்ணம் துருப்பிடிக்கும். எர்த் விட்டுப் போகும். பிரேக் மிதிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து லேசா எரியுதா? சந்தேகமே வேண்டாம், எர்த் கோளாறு.

இங்கே எல்.இ.டி.க்கு ஒரு நல்ல குணம் உண்டு. பிரேக் மிதிச்சதும் இழை பல்பைவிட சுமார் அஞ்சில் ஒரு பங்கு வினாடி முன்னாடி எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 3 மீட்டர் தூரம். அந்த 3 மீட்டரில் ஒரு உயிர் தப்பலாம். ஆனா கண்டதை மாட்டாதீங்க. சிவப்பு கண்ணாடிக்கு சிவப்பு எல்.இ.டி.தான் சரி. இண்டிகேட்டருக்கு போட்டால் பழைய பிளாஷர் சரியா மின்னாது, அதையும் மாத்தணும். 1960-களின் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதில் சாதாரண எல்.இ.டி. எரியவே எரியாது. மாத்துறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

எதை முதலில் செய்யணும்?

முதலில் எர்த், வயர், சுவிட்ச். அடுத்து பின் விளக்கு கண்ணாடியும் பல்பும். மூணாவது ரிலே. நாலாவது நல்ல கம்பெனி 60/55 வாட் பல்பு. கடைசியா ஹெட்லைட் மட்டம் பார்த்து இறக்குறது. இது அத்தனைக்கும் சேர்த்து ஆகும் செலவு, விபத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் செலவுக்கு முன்னாடி தூசு.

15 வருஷம் தாண்டிய சொந்த கார் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5 ஆயிரம் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10 ஆயிரமாக ஏறியது. இவ்வளவு கட்டி தகுதிச் சான்றுக்குப் போய், எரியாத விளக்குக்காக திரும்பி வரணுமா?

கரும்பு டிராக்டர் ஓட்டுறவங்களுக்கும் இதே பாடம்தான். முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்கு லோடு போகும்போது டிரெய்லரின் விளக்கைக் கரும்பு மூடி விடுகிறது. வெளியே நீட்டி ஒரு சிவப்பு விளக்கு, நாலு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். இதை ஆலை வாசலிலேயே பார்த்து, ஸ்டிக்கர் இல்லாத வண்டிக்கு ஒட்டி அனுப்பினால் புண்ணியமா போகும்.

இன்னைக்கு ராத்திரி வண்டியை ஷெட்டில் விடுறதுக்கு முன்னாடி லைட்டைப் போட்டுவிட்டு, இறங்கி 155 அடி... இல்லை, 155 மீட்டர் பின்னாடி நடந்து போய் திரும்பிப் பாருங்க. சிவப்பு தெரியுதா? தெரிஞ்சா நிம்மதியா தூங்கலாம். தெரியலைன்னா, காலையில் முதல் வேலையா வண்டியை எலக்ட்ரீஷியன் கடையில் விடுங்க!