பழம்பெருமையா? பார்வையா?

கண்ணோயைத் தீர்க்க ஆயுர்வேதத்தையும் மேலை மருத்துவத்தையும் இணைக்க வேண்டும் என்று முழங்குகிறார்கள். இணைக்கட்டும்! வேண்டாமென்று நாம் தடுக்கவில்லை. எந்த அளவுகோல் கொண்டு இணைப்பது என்றே கேட்கிறோம். கேட்டவுடன் சிலர்க்கு முகம் கடுக்கிறது!

"கத்தி வேண்டாம், சொட்டு மருந்திலேயே கண்புரை கரையும்" என்று கூறிப் புட்டியை நீட்டுவோர் உளர். கண்ணுள் இருக்கும் வில்லை மங்குவதே கண்புரை. மங்கிய வில்லையைத் தெளியவைக்கும் என மெய்ப்பிக்கப்பட்ட சொட்டு மருந்து கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. ஆயுர்வேத முதல்வராகப் போற்றப்படும் சுசுருதரின் நூலே கண்புரைக்குக் கருவியைத்தான் கூறுகிறது! மங்கிய வில்லையை அன்று ஒதுக்கித் தள்ளினர். 1747-இல் பிரான்சு நாட்டு டேவியல் வெளியே எடுத்தார். 1949-இல் இலண்டனில் ரிட்லி செயற்கை வில்லையைப் பொருத்தினார். சுசுருதர் பெயரால் கத்தியைப் பழிப்போர், சுசுருதரையே பழிக்கின்றனர் அன்றோ?

புரையாவது காத்திருக்கும், கண் அழுத்த நோய் காத்திருக்குமா? நரம்பு பட்டுப்போனால் போன பார்வை மீளாது. "ஒரு மண்டலம் பொறுங்கள்" என்று கூறும் வாய், அந்த இருட்டுக்கு விடை கூறுமா?

பழையன யாவும் குப்பை என்போரையும் நாம் ஏற்கோம். கண் அழுத்தத்தைக் குறைக்கும் பைலோகார்ப்பின், தென் அமெரிக்கச் செடியின் இலையிலிருந்து 1875-இல் பிரித்தெடுக்கப்பட்டதே! மேலை மருத்துவம் பச்சிலையை வெறுக்கவில்லை. சோதித்தது, பிரித்தது, அளவு வகுத்தது. சோதனைக்கு அஞ்சாத பச்சிலைக்கு எங்கும் இடமுண்டு.

தஞ்சையை நோக்குங்கள். மன்னர்க்கு மாலை சூட்டுவது நம் வேலையன்று. நற்செயலை மறைப்பதும் நம் வழக்கமன்று. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகாலில் நாட்டு மருத்துவரையும் மேலை மருத்துவம் அறிந்தோரையும் ஒருங்கே அமர்த்தினார். கண் நோயாளரின் குறைகளும் சிகிச்சையும் ஏட்டில் எழுதப்பட்டன. கண்களின் ஓவியங்களும் தீட்டப்பட்டன. சரசுவதி மகால் நூலகம் அவற்றை இன்றும் காத்து வருகிறது. நம்பு என்று கூறவில்லை அந்த ஏடுகள், பார் என்றன!

இணைப்பென்பது ஒரே வாயிலில் இரண்டு பெயர்ப்பலகைகளை மாட்டுவதன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது. கண்ணில் விடும் மருந்து எதுவாயினும் கிருமியற்றதாக இருக்கட்டும். குணமானதை எழுதுவோர், குருடானதையும் எழுதட்டும். சிவந்து வலிக்கும் கண்ணையும், திடீரெனப் பார்வை மங்கிய கண்ணையும் நாட்டு வைத்தியர் அன்றே கண் மருத்துவமனைக்கு அனுப்பட்டும். இதற்கு உடன்படுவோர் எம்முறையினராயினும் நம் தோழர். மறுப்போர் எம்மொழியில் பேசினும் வணிகர்!

பழம்பெருமை இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். ஏழையின் கண் காத்திருக்காது!