இஸ்பானிய மொழியில் ‘நான்’, ‘எனக்கு’, ‘அவரை’



2025ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் மாலை, புனித பேதுரு பேராலயத்தின் மேன்மாடத்தில் தோன்றிய புதிய திருத்தந்தை 14ஆம் லியோ, இத்தாலிய மொழியில் உரையாற்றிக்கொண்டிருக்கையில் இடையே அதனை நிறுத்தி, பெரு நாட்டிலுள்ள தம் பழைய மறைமாவட்டமாகிய சிக்லாயோவின் மக்களை இஸ்பானிய மொழியில் வாழ்த்தினார். அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிக்காகோ நகரில் பிறந்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தவர் அவர். ஆயினும் அன்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசினாரில்லை. 1985ஆம் ஆண்டு அகுஸ்தீன் சபைத் துறவியாகப் பெரு நாட்டிற்குச் சென்றவர். 2015 முதல் 2023 வரை சிக்லாயோவின் ஆயராய் இருந்தவர். ஆங்கிலம் பேசும் ஒருவர் இஸ்பானிய மக்களின் மேய்ப்பராவதற்கு முதலில் கடக்கவேண்டிய சிறு வாயில் ஒன்று உண்டு. அதுவே இம்மாதம் நம் பேச்சு.

பெரு நாட்டு மருந்தகம் ஒன்றில் பணிசெய்ய அனுப்பப்படவிருக்கும் இளம் அருட்சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். தாதியர் பயிற்சி பெற்றவர். ஆங்கிலேயருக்கென எழுதப்பட்ட பாடநூலை வைத்து இஸ்பானியம் பயில்கிறாராம். பெயர்ச்சொற்கள் மனத்தில் நிற்கின்றன, வினைகளும் ஒருவாறு படிகின்றன. ஆனால் ‘நான், என்னை, எனக்கு’ என்னும் இடப்பெயர்களின் பாடம் வந்ததும் தலை சுற்றுகிறது என்கிறார். குருமடத்தில் இலத்தீன் பயின்ற பழக்கத்தைத் துணைகொண்டு நாம் கூறக்கூடியது இது: சகோதரி அந்தப் பாடத்தை ஆங்கிலத்தின் வழியே நோக்குவதால்தான் அது மலைபோல் தோன்றுகிறது. தமிழின் வழியே நோக்கினால் பாதி மலை கரைந்துபோகும். மீதிப் பாதியைப் பிறகு சொல்வோம். அதில் தமிழருக்கே உரிய இடறல்கள் உள்ளன.

எழுவாயை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுவாய் இன்றி வாக்கியம் நிற்காது. மழை பெய்வதைச் சொல்வதற்குக்கூட ‘அது’ என்று பொருளற்ற ஓர் எழுவாயை முன்னே நிறுத்தியாக வேண்டும். நம் மொழியிலோ ‘வந்தேன்’ என்றாலே வந்தவர் யார் என்பது விளங்கிவிடுகிறது. பள்ளியில் ‘தோன்றா எழுவாய்’ என்று படித்தோமல்லவா, அதுவேதான். இஸ்பானியத்திலும் இதே இயல்பு உண்டு. ‘யோ’ என்றால் நான். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். ‘ஆப்லோ’ என்று சொல்லி நிறுத்திவிடலாம், ‘யோ’ வேண்டுவதில்லை. ஆங்கிலேயர் தம் பழக்கத்தால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யோ, யோ’ என்று தொடங்க, கேட்பவருக்கு அது ‘நான்தான், நான்தான்’ என்று மார்தட்டுவதுபோல் ஒலிக்கும். வேண்டியவிடத்து மட்டும் வருவதால் அச்சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவமன்னிப்புச் செபத்தை அம்மக்கள் அதன் முதற்சொற்களாலேயே ‘யோ கொன்ஃபியெசோ’ என்று வழங்குகிறார்கள். ‘கொன்ஃபியெசோ’ மட்டுமே ‘அறிக்கையிடுகிறேன்’ என்று பொருள்படும். இருந்தும் அங்கே ‘யோ’வை விடுவதில்லை. குற்றத்தை ஏற்கும் இடத்தில் ‘நான்’ மறைந்துகொள்ளலாகாது போலும்!

அடுத்தது செயப்படுபொருள். ‘லோ’ என்றால் அவனை, அவரை, அதை; ‘லா’ என்றால் அவளை. இஸ்பானியத்தில் அஃறிணைப் பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டாகையால், வீடு பெண்பாலாகி ‘லா’ என்பதையே பெறும். ‘மே’ என்றால் என்னை, ‘தே’ உன்னை, ‘நோஸ்’ எங்களை. இவை வினைக்கு முன்னே வந்து நிற்கும் என்பதுதான் ஆங்கிலேயரை வாட்டுகிறது. அவர்கள் ‘பார்க்கிறேன் அவரை’ என்றே எண்ணிப் பழகியவர்கள். இஸ்பானியரோ ‘லோ வேயோ’ என்கிறார்கள். ‘அவரைப் பார்க்கிறேன்’ என்று நம் வாய் தானே சொல்கிற வரிசைதான் அது. இன்னும் வியப்பானது இரண்டு இடப்பெயர்கள் சேர்ந்து வருமிடம். ‘தே லோ தோய்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உனக்கு அதைத் தருகிறேன்’ என்று வரும். நான்காம் வேற்றுமை முதலில், இரண்டாம் வேற்றுமை அடுத்து, வினை இறுதியில். ஆங்கிலத்தில் இதன் வரிசை முழுவதும் தலைகீழ். ஏவலில் மட்டும் வினை முந்திக்கொண்டு மற்ற இரண்டும் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும்: ‘தாமெலோ’, அதாவது ‘தா, எனக்கு, அதை’. அங்கும் ‘எனக்கு’ முந்தியும் ‘அதை’ பிந்தியுமே நிற்கும். பெயர்ச்சொற்கள் வந்தால் இந்த ஒற்றுமை நீடிப்பதில்லை. அவை ஆங்கிலத்தைப்போல வினைக்குப் பின்னரே பெரும்பாலும் வரும்.

பெயர்ச்சொல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ‘வீடு பார்த்தேன்’ என்று நாம் சொல்லலாம். ‘மரியா பார்த்தேன்’ என்று சொல்லமாட்டோம், ‘மரியாவை’ என்றே சொல்வோம். மக்களைக் குறிக்கையில் ‘ஐ’ உருபு தொக்குநிற்பதில்லை. இஸ்பானியர் ‘வேயோ லா காசா’ (வீட்டைப் பார்க்கிறேன்) என்பார்கள். ஆனால் ‘வேயோ ஆ மரியா’ என்று ஆளுக்கு முன் ‘ஆ’ என்னும் சிறு சொல்லை இட்டே தீருவார்கள். ஆங்கில நூல்கள் இவ்வொரு சொல்லை விளக்கத் தனி அதிகாரம் எழுதுகின்றன. நமக்கு ஒரு வரி போதும்.

இனி ‘எனக்கு’. மருந்தகத்திற்குச் செல்லும் சகோதரிக்கு இதுவே மிகத் தேவையானது. ஆங்கிலேய நோயாளி ‘என் தலை வலிக்கிறது’ என்பார். பெரு நாட்டுக் கிழவி ‘மே துவேலே லா காபேசா’ என்பார். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்று நம் பாட்டி சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ‘என்’ தலை என்று உரிமை கொண்டாட அவருக்கும் தோன்றுவதில்லை. ‘எனக்கு’ என்றபின் யாருடைய தலை என்ற ஐயத்திற்கு இடமேது? ‘எனக்கு ரொட்டி பிடிக்கும்’ என்பது ‘மே கூஸ்தா எல் பான்’. இங்கு ஆங்கிலேயர் ‘நான் விரும்புகிறேன்’ என்று எழுவாயைத் தேடி அலைந்து ‘யோ’வைக் கொண்டுவந்து வாக்கியத்தையே கெடுத்துவிடுவார்கள். பிடிக்கும் பொருள் பலவாயின் வினையும் பன்மையாகி ‘மே கூஸ்தான்’ ஆகும் என்பதை மட்டும் சகோதரி நினைவில் கொள்ள வேண்டும். எல்லாம் நம்மைப்போலவே இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். நமக்குப் பசிக்கும், இஸ்பானியரோ ‘தெங்கோ ஆம்ப்ரே’, பசியை உடையேன், என்பார்கள்.

‘எனக்கு’ என்னும் இச்சொல் நம் மண்ணின் மறைவரலாற்றிலும் ஒருமுறை இடறியிருக்கிறது. நவார் நாட்டில் பிறந்த புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மொழி தெரிந்தவர்களின் உதவியால் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகக் கற்பித்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்ததைப் பின்னர் அறிந்தார். வேண்டும் என்பது வேறு, விசுவசிப்பது வேறு என்று விளக்கி, அதனைத் திருத்தும்படி 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதினார். மொழிபெயர்ப்பாளரை நம்பிக் கைகட்டி நிற்காமல், ஒரு சொல்லுக்காக மடல் எழுதிய அந்தப் பொறுப்பு நம் சகோதரிக்கும் வேண்டும்.

இப்போது தமிழருக்குரிய இடறல்களுக்கு வருவோம்.

நம் வினைமுற்று ‘கொடுத்தான், கொடுத்தாள், கொடுத்தார்’ என்று பாலையும் மரியாதையையும் சேர்த்தே காட்டிவிடும். இஸ்பானிய வினைமுற்று இடத்தையும் எண்ணையும் காட்டுமேயன்றிப் பாலைக் காட்டாது. ‘லே’ என்னும் நான்காம் வேற்றுமைச் சொல்லும் அவனுக்கு, அவளுக்கு, தங்களுக்கு என்ற மூன்றுக்கும் பொது. ஆகவே ‘லே தியோ லா மெதிசினா?’ என்று சகோதரி ஒரு தாயைக் கேட்டால், ‘நீங்கள் குழந்தைக்கு மருந்து கொடுத்தீர்களா?’ என்றும் கொள்ளலாம். ‘மருத்துவர் உங்களுக்கு மருந்து கொடுத்தாரா?’ என்றும் கொள்ளலாம். தாய் ‘ஆம்’ என்பாள். எதற்கு ஆம் என்றாள்? குழந்தைக்கு இரண்டாம் முறை அதே மருந்து ஊட்டப்படுவதும், ஒருமுறையும் ஊட்டப்படாமற்போவதும் இத்தகைய ஐயத்தால் நேரக்கூடும். இத்தகைய இடங்களில் இஸ்பானியரே விட்ட எழுவாயைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். ‘ஊஸ்தேத்’ (தாங்கள்), ‘எய்யா’ (அவள்) என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். ‘லே’ போதாவிடத்து ‘குழந்தைக்கு’ என்றும் சேர்ப்பார்கள். மருந்தகத்தில் சுருக்கம் அழகன்று.

‘லே’யும் ‘லோ’வும் அடுத்தடுத்து வரும்போது ‘லே லோ’ என்று சொல்லாமல் ‘சே லோ’ என்று மாற்றிக்கொள்வது ஒரு விதி. காரணம் தேடவேண்டாம், மனப்பாடம் செய்க.

காதிற்குரிய இடறல் ஒன்றும் உண்டு. தமிழில் ஒரு சொல்லின் எவ்வெழுத்தை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. இஸ்பானியத்தில் மாறும். ‘ஆப்லோ’ என்பதில் முதலெழுத்தை அழுத்தினால் ‘நான் பேசுகிறேன்’. ஈற்றெழுத்தை அழுத்தினால் ‘அவர் பேசினார்’. எழுவாயை விட்டுவிடும் மொழியாதலால், பேசியது யார் என்பது இந்த ஓரழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘ரோபோ’ என்பதும் அத்தகையதே: முன்னழுத்தினால் ‘திருடுகிறேன்’, பின்னழுத்தினால் ‘அவன் திருடினான்’. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் நம் இளங்குரு இதனைக் கவனியாவிடில், அண்டை வீட்டுக்காரன் செய்த திருட்டுக்காக ஓர் ஏழைப் பெண்ணுக்கு அபராதச் செபம் கொடுத்தனுப்ப நேரிடும்!

அத்தொட்டியில் கேட்கக்கூடிய இன்னொரு வாக்கிய அமைப்பும் உண்டு. ஆங்கிலேயர் ‘நான் குவளையை உடைத்தேன்’ என்பதை இஸ்பானியர் ‘சே மே ரொம்பியோ எல் பாசோ’ என்பார்கள். குவளை தானே உடைந்ததாம், அது ‘எனக்கு’ நேர்ந்ததாம். ‘கைதவறி உடைந்துபோயிற்று’ என்று நம் பிள்ளைகள் சொல்வதில்லையா? ‘எனக்கு மறந்துபோயிற்று’ என்பதற்கும் இதே அமைப்புத்தான். இதனை ஏமாற்று என்று ஆங்கில நூலாசிரியர் சிலர் நகைப்பதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மனமறிந்து செய்வதும் கைதவறி நேர்வதும் ஒன்றல்ல என்பது ஒழுக்க இறையியலின் பாலபாடம். அவ்வேற்றுமையை இலக்கணத்திலேயே வைத்திருக்கும் மொழியைக் குறைகூறுவானேன்? ஆனால் மனமறிந்து செய்தவரும் அந்நிழலில் வந்து ஒதுங்கக்கூடும். கேட்பவருக்கு விவேகம் வேண்டும்.

மரியாதைச் சொற்களில் நமக்குக் கடினமில்லை. ‘தூ’ என்பது நீ. ‘ஊஸ்தேத்’ என்பது தாங்கள். ‘உம் அருள்’ என்று பொருள்படும் பழைய தொடர் ஒன்று தேய்ந்து ‘ஊஸ்தேத்’ ஆயிற்று. ஆகையால்தான் முன்னிலையில் இருப்பவரைப் படர்க்கை வினையால் விளிக்கிறார்கள். கொலம்பியாவின் சில பகுதிகளில் கணவன் மனைவியர்கூட ஒருவரையொருவர் ‘ஊஸ்தேத்’ என்றே அழைப்பார்களாம்! ஆனால் இறைவனை அவர்கள் ‘தூ’ என்றே அழைக்கிறார்கள். நாம் ‘நீ’யும் இன்றி ‘நீங்கள்’ஊம் இன்றி ‘நீர்’ என்கிறோம். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் இறைவனைப் பற்றி எழுதுகையில் ‘மாட்சிமை மிக்கவர்’ என்று அரசரைக் குறிப்பதுபோல் படர்க்கையில் குறிப்பது வழக்கம்.

அவர்களிடம் இல்லாத செல்வம் ஒன்று நம்மிடம் உண்டு. ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு. ‘நொசோத்ரோஸ்’ என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் ஆகவேண்டும்; பெண்கள் மட்டுமே இருந்தால் ‘நொசோத்ராஸ்’. கன்னியர் இல்லத்தில் பன்னிரு சகோதரிகள் ‘நொசோத்ராஸ்’ என்று பேசிக்கொண்டிருக்கையில் பங்குக் குரு ஒருவர் வந்து சேர்ந்தால் உடனே ‘நொசோத்ரோஸ்’ ஆகிவிடும். அருள்நிறை மரியே செபத்தில் நாம் ‘எங்களுக்காக’ என்கிறோம். ‘நமக்காக’ என்று நாக்குத் தவறியும் சொல்வதில்லை. அமல உற்பவியான அன்னை பாவிகளின் கூட்டத்தில் சேர்ந்தவரல்லர். இதனை இஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் இடப்பெயரைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

சகோதரியின் கடைசிக் கேள்வி ‘வொசோத்ரோஸ்’ என்னும் சொல்லைப் பற்றியது. இஸ்பானிய நாட்டில் அச்சிடப்பட்ட நூல்களில் ‘நீங்கள் பலர்’ என்பதற்கு அச்சொல்லும், அதற்குரிய வினை வடிவங்களும் பக்கம் பக்கமாக வரும். பெரு நாட்டில் அவ்வாறு பேசுவாரில்லை. சிறுவர் கூட்டத்தையும் பெரியோர் அவையையும் ‘ஊஸ்தேதெஸ்’ என்றே அழைப்பார்கள். ஆயினும் விவிலிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அச்சொல் இருக்கிறது. ஆகவே வாசிக்கும்போது அறிந்துகொள்ளுமளவுக்குக் கற்றால் போதும். பேசுவதற்கென அதனை உருப்போட்டுப் பயணத்திற்கு முந்திய மாதங்களை வீணாக்கவேண்டாம். அந்நேரத்தில் ‘லே’, ‘லோ’, ‘லா’ மூன்றையும் காதால் பிரித்தறியப் பழகுக.