உறுப்பினர் பட்டியலும் பிறப்பும்

ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்று தன் உரிமைக்காக அமைப்புக் காணும்போது, அதில் யார் உறுப்பினராகலாம் என்னும் கேள்வி எழுந்தே தீரும். இக்கேள்விக்கு முழு விடை காண ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன. அவ்வரலாறு நாமும் சிந்திக்க வேண்டிய ஒன்றாகும்.

1910இல் உருவான தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் நாடாளுமன்றத்தில் வெள்ளையர் மட்டுமே அமர முடிந்தது. அதன் பின்னணியில் 1912இல் தோன்றிய காங்கிரஸ் ஆப்பிரிக்கர்களின் அமைப்பாகவே இயங்கியது. இதனை இனவெறி என்பது நேர்மையாகாது. பேச இடமற்றவர்கள் தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

ஆயினும் போராட்டம் வளர்ந்தபோது நிலைமை மாறியது. 1955இல் கிளிப்டவுனில் சுதந்திர சாசனம் ஏற்கப்பட்டபோது ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர், வெள்ளையர் ஆகியோரின் அமைப்புகள் தனித்தனியாகவே அணிவகுத்தன. 1964இல் மண்டேலாவுடன் அஹ்மத் கத்ராடாவும் ஆயுள் தண்டனை பெற்றார். ராபன் தீவில் மண்டேலாவுக்கு அரைக்காற்சட்டையும் கத்ராடாவுக்கு முழுக்காற்சட்டையும் தரப்பட்டன. சிறையில் இனம் பார்த்தது இழிவுபடுத்துவதற்காக. காங்கிரஸ் இனம் பார்த்தது தற்காப்புக்காக. நோக்கம் வேறு. எனினும் ஒரே தண்டனையைச் சுமந்தவர்கள் ஒரே பட்டியலில் இடம்பெற முடியவில்லை.

1969இல் தான்சானியாவின் மொரோகோரோ மாநாடு, வெளிநாடுகளில் இருந்த பிற இனத்தவருக்கு உறுப்புரிமை வழங்கியது. தேசிய செயற்குழுவின் கதவு மட்டும் மூடியே இருந்தது. புரட்சிக் குழுவின் துணைத் தலைவராகப் பணியாற்றிய யூசுப் தாதூ, அக்கதவு திறக்கப்படுமுன்பே 1983இல் இறந்தார். 1985இல் ஜாம்பியாவின் கப்வே மாநாட்டில்தான் அத்தடை நீங்கியது.

எதிர்த்தவர்களின் அச்சம் பொருளற்றதன்று. கல்வியும் வசதியும் மிக்க சிலர் நுழைந்து, பெரும்பான்மையோரின் இயக்கத்தைத் தம் வழிக்குத் திருப்பிவிடக்கூடும். ஆனால் அதற்குரிய காவல் தேர்தலும் கணக்குக் கேட்கும் உரிமையுமே, பிறப்பன்று. தன் இனத்தவர் என்பதாலேயே ஒருவர் ஏமாற்றமாட்டார் என்பதற்கு எந்த வரலாற்றிலும் உறுதியில்லை.

தன் சமூகத்தை நேசிப்பது அஸபிய்யா ஆகாது. அநீதியிலும் அதற்குத் துணை நிற்பதே அஸபிய்யா என்பது நாம் அறிந்த மார்க்க விளக்கம். அடையாளத்தால் ஒன்றுகூடுவது பலவீனரின் உரிமை. அவ்வடையாளத்தைக் கொண்டே உடன் உழைத்தவரை வாசலில் நிறுத்துவது வேறு. ஆகவே பிறப்பை அளவுகோலாகக் கொண்ட எந்த விதிக்கும் ஒரு காலவரையறை வேண்டும். அது இன்றும் எவரைக் காக்கிறது, எவரைப் புண்படுத்துகிறது என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்க வேண்டும். விடை மாறியிருந்தால், தாதூவைப்போல் இன்னொருவர் காத்திருந்தே மறையுமுன் விதியை மாற்றுவதே நீதியாகும்.