ஒரு கூலியாளின் இரைப்பை

நாம் உண்ணும் சோறு தொண்டையைக் கடந்ததும் நம் ஆட்சியையும் கடந்துவிடுகின்றது. மெல்லுவதும் விழுங்குவதும் நம் விருப்பம். அதற்கு அப்பால் நடப்பவற்றுக்கு நம்மிடம் எவரும் உத்தரவு கேட்பதில்லை. அங்கே என்ன நடக்கின்றது என்பதை அறிய மனிதன் நெடுங்காலம் ஊகத்தையே நம்பியிருந்தான். வயிற்றிலுள்ள தீயே உணவைச் சமைக்கின்றது என்று கொண்ட நம் முன்னோர், அதற்குச் சடராக்கினி என்று பெயருமிட்டனர். மேனாட்டாருள்ளும் உணவு வெப்பத்தால் வேகின்றது என்றார் சிலர். அரைபடுகின்றது என்றார் சிலர். புளித்து அழிகின்றது என்றார் வேறு சிலர். உணவைக் கரைக்கும் சாறு ஒன்று இரைப்பையில் உண்டு என்பதைப் 18ஆம் நூற்றாண்டிலே றேயோமர், ஸ்பலன்சானி என்னும் அறிஞர் பறவைகளையும் பிறவற்றையும் கொண்டு காட்டியிருந்தனர். ஆயினும், உயிருள்ள மனிதனின் இரைப்பை வேலை செய்வதை ஆண்டுக்கணக்காக இருந்து ஆராயும் வாய்ப்பு எவர்க்கும் எளிதில் கிட்டவில்லை. அதனைத் தந்தது ஒரு துப்பாக்கி வெடி.

ஐக்கிய அமெரிக்காவின் வடவெல்லையில், ஹியூறன் ஏரியிலே மக்கினோ என்றொரு சிறு தீவு உண்டு. விலங்குகளின் தோல் வாங்கி விற்கும் கம்பனியொன்றின் கடை அங்கே இருந்தது. 1822ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி அக் கடையில் ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து, அருகே நின்ற கூலியாள் ஒருவனின் இடப்பக்க விலாவைப் பிளந்தது. அவன் பெயர் அலெக்சிஸ் சென் மாட்டின். கனடாவிலிருந்து தோணி வலிக்க வந்த பிரெஞ்சு வமிசத்தவன். காலையில் அவன் உண்ட உணவு காயத்தின் வழியே வெளியே வந்தது. கோட்டையிலிருந்த படை மருத்துவர் வில்லியம் போமொன்ற் ஓடிவந்து சிகிச்சை செய்தார். பிழைப்பான் என்று அவரே எண்ணவில்லை. ஆனால் அவன் பிழைத்தான். காயம் ஆறியபோது, கிழிந்த இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டி வளர்ந்து, ஒரு துவாரம் மூடாமலே நின்றுவிட்டது. பின்னர் உள்ளிருந்து சவ்வு மடிப்பொன்று வளர்ந்து அதனைத் திரைபோல் மறைத்தது. விரலால் அதனை ஒதுக்கினால் இரைப்பையின் உட்புறம் தெரியும்.

1825ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி நண்பகலில் ஆராய்ச்சி தொடங்கியது. இறைச்சி வகைகள் சில, ஒரு துண்டு பழம் பாண், பச்சைக் கோவா ஆகியவற்றைப் பட்டு நூலில் கோத்துத் துவாரத்தின் வழியே மருத்துவர் உள்ளே இறக்கினார். (சைவ வாசகர் பொறுப்பாராக, அந்நாட்டில் அதுவே அன்றாட உணவு.) ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தபோது பாணும் கோவாவும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணிக்குப் பாணும் கோவாவும் மறைந்துவிட்டன. அவித்த இறைச்சியையும் காணவில்லை. மாட்டிறைச்சித் துண்டுகள் சில மட்டும் பெரிதும் மாறாமல் நூலில் தொங்கின. அதற்கடுத்த முறை இழுத்தபோது, நெஞ்சு நோகின்றது என்றான் அலெக்சிஸ். நாம் வகுப்பில் இதனைச் சொல்லும்போது பட்டு நூலை மறக்கும் மாணவர் இல்லை. பெப்சின் என்ற சொல்லை மறப்பவரே பலர். நெஞ்சு நொந்தவனைப் பற்றிக் கேட்பவரோ மிகச் சிலர்.

பின்பு மருத்துவர் இரைப்பைச் சாற்றைச் சிறு போத்தலில் எடுத்து, அதில் இறைச்சித் துண்டை இட்டு, உடலின் சூட்டளவான 100 பாகை பரனைற்றில் வைத்திருந்தார். உடலுக்கு வெளியேயும் இறைச்சி கரைந்தது. ஆனால் மெதுவாகவே கரைந்தது. சாற்றைக் குளிரில் வைத்தாலோ அது வேலை செய்யவில்லை. ஆகவே, உணவைக் கரைப்பது தீயன்று, சாறே; எனினும் அச் சாற்றுக்கு உடலின் வெம்மை வேண்டும். சடராக்கினி என்ற சொல்லை நாம் முற்றாகத் தள்ளவேண்டியதில்லை. அச் சாற்றிலுள்ளது ஐதரோகுளோரிக்கமிலம் என்று 1824இல் பிறவுட் என்பார் கண்டிருந்தார். புரதத்தை உடைக்கும் பெப்சினை 1836இல் சுவான் கண்டார்.

இல்லங்களுக்கு வேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. அலெக்சிஸ் கோபங்கொண்ட வேளைகளில் இரைப்பையில் பித்தம் வந்திருப்பதைப் போமொன்ற் கண்டார். அச்சமும் சினமும் மூண்டபோது உட்சவ்வு சில சமயம் சிவந்து உலர்ந்தது. சில சமயம் வெளிறியது. சாப்பாட்டு வேளையில் வழக்குப் பேசும் வீடுகளை நாம் அறிவோம். ஒருமுறை அலெக்சிஸ் எட்டுப் பத்து நாட்கள் தாராளமாக மது அருந்தியிருந்தான். பார்த்தால், உள்ளே சவ்வு அழன்று புண்பட்டிருந்தது. அவனைக் கேட்டால், நோவில்லை, சுகமாக இருக்கிறேன், நன்றாகப் பசிக்கின்றது என்றான்! “எனக்கு ஒன்றும் செய்யவில்லை” என்று சொல்லிக்கொண்டே குடிப்பவர்க்கு இதனைவிடச் சிறந்த மறுமொழியை நாம் அறியோம்.

போமொன்றின் நூல் 1833இல் வெளியாயிற்று. 238 பரிசோதனைகள் அதில் உள்ளன. எவ்வுணவு எவ்வளவு நேரத்தில் கரைந்தது என்ற அட்டவணையும் உண்டு. அவித்த சோற்றுக்கு ஒரு மணி நேரம். வாட்டிய பன்றியிறைச்சிக்கு ஐந்தேகால் மணி நேரம். சோறுண்ணும் நாம் இதனைப் படித்துப் பெருமைப்பட இடமில்லை. சோறு இரைப்பையை விட்டு நீங்குவது வேறு, முற்றாகச் சமிப்பது வேறு. சோற்றின் மாப்பொருளை உடைக்கும் வேலை வாயில் உமிழ்நீரால் தொடங்கிச் சிறுகுடலிலேயே நிறைவுறுகின்றது. கொழுப்பும் பெரும்பாலும் அங்கே சதையியின் சாற்றாலும் பித்தத்தின் துணையாலுமே சமிக்கின்றது. சிறுகுடலின் உட்சுவரிலுள்ள எண்ணற்ற சடைமுளைகளே சத்தை உறிஞ்சுகின்றன. அத் துவாரத்தின் வழியே இவையெல்லாம் தெரியா.

அலெக்சிஸ் இந்தக் காலமெல்லாம் எப்படி வாழ்ந்தான்? மருத்துவரின் வீட்டிலேயே விறகு வெட்டினான், வேலைக்காரனாக இருந்தான். ஒருமுறை உத்தரவின்றிக் கனடாவுக்குப் போய், மணம் முடித்து, மனைவி மக்களோடு திரும்பினான். 1832இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. உணவும் உடையும் இருப்பிடமும் தந்து, ஆண்டுக்கு 150 டொலர் கூலி. அதற்கு ஈடாக அவன் தன் இரைப்பையைப் பரிசோதனைக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். எழுத்தறியாத அவன் கையொப்பத்துக்குப் பதிலாகப் புள்ளடியிட்டான். 1834இல் ஊருக்குச் சென்றவன் பின்னர் மருத்துவரிடம் திரும்பவேயில்லை. அவரோ 1853இல் இறக்கும் வரை அவனை மறக்கவில்லை. வரும்படி பலமுறை எழுதிப்பார்த்தார். உயிரைக் காத்தவர் என்ற நன்றி ஒருபுறம், தன் வயிறு தனக்குரியது என்ற எண்ணம் மறுபுறம். அவன் நிலையில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று துணிந்து கூற நம்மால் இயலவில்லை.

துவாரத்தோடே 58 ஆண்டுகள் வாழ்ந்து, 1880ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆந் திகதி அலெக்சிஸ் காலமானான். மொன்றியலிலிருந்த பேராசிரியர் ஒஸ்லர், உடலை அறுத்துச் சோதித்து, இரைப்பையை வாசிங்டனிலிருந்த படை மருத்துவ நூதனசாலைக்கு அனுப்ப விரும்பினார். குடும்பத்தார் இசையவில்லை. வெயிற் காலத்தில் உடலை வேண்டுமென்றே நாட்கணக்கில் வீட்டில் வைத்து, எவர்க்கும் பயன்படாதபடி அழுகவிட்டனர். நாற்றத்தால் பெட்டியைத் தேவாலயத்தினுள்ளே கொண்டுபோகவும் முடியவில்லை. பின்பு, எவரும் தோண்டி எடாதவாறு எட்டடி ஆழத்தில் அடக்கஞ் செய்தனர். இதனை மூடத்தனம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. கனடாவின் உடற்றொழிலியலாளர் அந்த இடத்தைத் தேடிச் சென்று, அவன் பெயரால் ஒரு நினைவுப் பலகை வைத்தது 1962ஆம் ஆண்டிலேதான்.