பொட்டலம் மெலிகிறது
(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

விலைவாசி ஏறிவிட்டது என்று பேசாத வாய் நம் நாட்டில் இல்லை. பேருந்தில் பேசுகிறோம், தேநீர்க் கடையில் பேசுகிறோம், தேர்வு அறைக்கு வெளியே, படிக்க வேண்டியதை விட்டுவிட்டு அங்கேயும் அதையே பேசுகிறோம். ஆனால் விலை ஏறாமலே விலை ஏறும் வித்தை ஒன்று நம் கண்முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் காணோம். ஆகவேதான், நிலவையும் காதலையும் பாடும் நண்பர்களுக்கு நடுவே, ஐந்து ரூபாய்ப் பிஸ்கட் பொட்டலத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின் படித்தால் போதும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். கூலி சனிக்கிழமைதோறும் வரும். மாதச் சம்பளக்காரர் வீட்டைப் போல மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. வாரக் கூலி, வார மளிகை. அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். என் பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்களைக் கிழித்துத் தைத்து, அதில் வீட்டுக் கணக்கு எழுதுவார். என்ன வாங்கினோம், என்ன கொடுத்தோம், எத்தனை கிராம் என்று மூன்று பத்திகள் இருக்கும். பொருளியல் துறையில் மூன்றாண்டுகள் படித்த எனக்கு அந்த நோட்டும் ஒரு பாடநூல்தான். அதற்கு மட்டும் தேர்வு இல்லை என்பது கூடுதல் மகிழ்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு விடுமுறை. மாலை நான்கு மணிக்குத் திண்ணையில் ஐவரும் உட்காருவோம். தேநீர் வரும். கூடவே ஒரு பிஸ்கட் பொட்டலம் பிரிக்கப்படும். வாரம் முழுதும் தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிய அப்பா, அந்த ஒரு மணி நேரம்தான் மெல்லிய குரலில் பேசுவார். பாட்டி பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது ஒடிந்து விழுவதற்கு ஒரு நொடி முன்னால் வாயில் போட்டுக்கொள்வார். அந்தக் கணக்கு எந்தப் பேராசிரியருக்கும் வராது. தங்கை இரண்டு முறையாவது டம்ளருக்குள் விரலை விட்டுத் தேடுவாள். எங்கள் வீட்டின் ஆடம்பரம் இவ்வளவுதான். இதற்கு ஆகும் செலவு ஐந்து ரூபாய்.

அம்மாவின் நோட்டின்படி, அந்தப் பொட்டலத்தில் முன்பு 65 கிராம் இருந்தது. பதினைந்து பிஸ்கட், ஆளுக்கு மூன்று. பிறகு ஒருநாள் 52 கிராம் ஆயிற்று. விலை அதே ஐந்து ரூபாய். அட்டைப்படத்தில் அதே சிரிப்பு, அதே நிறம். உள்ளே இருந்தவை பன்னிரண்டு. பன்னிரண்டை ஐந்தால் வகுத்தால் சரியாக வராது. நான்கால் வகுத்தால் சரியாக வரும். அன்று முதல் அம்மா, "எனக்கு இனிப்பு ஒத்துக்கிறதில்லை" என்று சொல்லத் தொடங்கினார்.

நண்பர்களே, 65 கிராம் 52 கிராமாகக் குறைந்தால் எடை குறைவது 20 விழுக்காடு. ஆனால் ஒரு கிராமுக்கு நாம் கொடுக்கும் விலை கூடுவது 25 விழுக்காடு. வேண்டுமானால் தாளில் போட்டுப் பாருங்கள். இதே ஐந்து ரூபாயை ஆறேகால் ரூபாய் ஆக்கியிருந்தால் ஊரே கூச்சலிட்டிருக்கும். பதின்மூன்று கிராமை எடுத்துக்கொண்டபோது எவரும் கூச்சலிடவில்லை. எங்கள் வீட்டில் அந்த 20 விழுக்காட்டுக்கு ஒரு முகம் உண்டு என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

உற்பத்தியாளர் தரப்பையும் கேட்க வேண்டும். கோதுமை விலை ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, பாமாயில் ஏறுகிறது, லாரி வாடகை ஏறுகிறது. ஐந்து ரூபாய் என்பது ஒரே நாணயத்தில் முடிகிற விலை. அதை ஆறாக்கினால் வாங்குகிற கை பின்வாங்கும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று. சட்டமும் மீறப்படவில்லை, எடையை அச்சிட்டுத்தான் விற்கிறார்கள். சிறு பொட்டலம் என்றாலே ஏழைக்கு எதிரி என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். வாரக் கூலி வீட்டுக்குள் ஷாம்பு நுழைந்தது அந்த உறையின் புண்ணியத்தால்தான். என் குறை சிறுமையைப் பற்றியதன்று. சொல்லாமல் சிறுப்பதைப் பற்றியது.

சொல்ல வைக்க முடியாதா? முடியும். பிரான்சு நாட்டில் 2024 ஜூலை 1 முதல், விலை குறையாமல் அளவு குறைந்த பொருள்களைப் பற்றிப் பெரிய கடைகள் இரண்டு மாத காலம் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. பொட்டலத்தின் மேல் எல்லா வரியும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்பது 1990இல் வந்தது. 2009இல் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011இல் பொட்டலப் பொருள்களுக்கான விதிகளும் வந்தன. பின்னர் அந்த விதிகளைத் திருத்தி, அலகு விலை அச்சிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலங்களில் அது ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று வருகிறது. எங்கள் பிஸ்கட்டுக்கு அது முன்பு ஏறத்தாழ எட்டுக் காசு. இப்போது பத்துக் காசு. எட்டுக்கும் பத்துக்கும் இடையே என்ன பெரிய வேறுபாடு என்றுதான் எவருக்கும் தோன்றும். நூறு கிராமுக்கு ரூ.7.69 என்றும், பிறகு ரூ.9.62 என்றும் அச்சிட்டிருந்தால் அம்மாவே கடைக்காரரிடம் கேட்டிருப்பார். எழுத்தும் எறும்பு அளவில் இருக்கிறது. பாட்டியின் கண்ணாடியைக் கடன் வாங்கினாலும் படிக்க முடிவதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட் மீதான சரக்கு சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரி குறைந்த முழுப் பயனையும் கொடுத்தால் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ரூ.4.45 ஆக வேண்டும். அப்படியே சில பொட்டலங்களில் அச்சிட்டும் வந்தன. மகிழ்ச்சியோடு கடைக்குப் போனேன்.

"ஏனுங்கண்ணா, மீதி?"

"அம்பது காச எவன் வாங்குறான் கண்ணு? முட்டாய் எடுத்துக்க."

அரசாங்கம் குறைத்த வரி, ஆலைக்காரர் குறைத்த விலை, எல்லாம் மிட்டாயாகி என் கைக்கு வந்தது. கடைக்காரர் மேல் பழி சொல்லி என்ன பயன்? 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாதவை ஆயின. 50 காசு செல்லும். பத்து ரூபாய் வரையிலான தொகைக்கு அதைக் கொடுக்கலாம் என்று 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டமே சொல்கிறது. ஆனால் மொத்த வியாபாரி வாங்காதபோது சில்லறை வியாபாரி என்ன செய்வார்? பத்து ரூபாய் நாணயத்துக்கும் இதே கதிதான். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் தந்தது. அதற்குப் பிறகும் அந்த நாணயத்தை நீட்டினால் முகம் சுளிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பின்னர் எங்களுக்குக் கிடைத்த பொட்டலம் மறுபடி ஐந்து ரூபாய், எடை கூட்டப்பட்டிருந்தது. கணக்குப்படி 58 கிராம் வந்திருக்க வேண்டும். அதில் அச்சிட்டிருந்தது 55.

பாலும் குளிர்பானமும் விற்கும் இடங்களில் இன்னொரு வேடிக்கை. அச்சிட்ட விலைக்கு மேல் ஒன்றோ இரண்டோ கேட்பார்கள். ஏன் என்றால், குளிர்ப்பெட்டிக்கு மின்கட்டணமாம்! அதிகபட்ச விலை என்றால் அதற்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது என்பதே பொருள். குளிரும் அதற்குள் அடக்கம்.

வங்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதவித்தொகைக்காக ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரூ.17.70 கழிக்கப்படுகிறது. எதற்கு என்று கேட்டால், குறுஞ்செய்தி அனுப்பிய கட்டணம் ரூ.15, அதற்கு வரி ரூ.2.70. பணம் கழிக்கப்பட்டது என்று தெரிவிக்கும் குறுஞ்செய்திக்காகப் பணம் கழிக்கப்படுகிறது! குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கிகளிலும் உண்டு. 2012இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்ட ஏற்பாடு அது. ஆனால் கவுண்ட்டரில் தாமாக எடுத்துச் சொல்பவர் அரிது; நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த வகையில் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரர். அஞ்சலகத்தில் மாதம் நூறு ரூபாய் வீதம் அறுபது மாதத் தொடர் வைப்பு கட்டுகிறார். தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்கு என்று பெயரிட்ட பணம் அது. பிஸ்கட்டில் விட்ட பங்கு அங்கே போய்ச் சேர்கிறதோ என்னவோ, கேட்டால் பதில் சொல்ல மாட்டார்.

"குறை இருந்தால் வழக்குப் போடுவதுதானே?" என்று கேட்கும் சட்டம் படித்த நண்பர்களுக்கு ஒரு விடை. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நாம் வாழும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம். எல்லாம் சிறப்புத்தான். ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து ஐம்பது காசைத் தேடி எந்தத் தறிக்காரர் ஆணையத்தின் படியேறுவார்? நம்மிடமிருந்து போவது, வழக்குப் போடத் தகுதியில்லாத அளவுக்குச் சிறிதாகப் பார்த்து எடுக்கப்படுகிறது. அவர்களுடைய கணக்கு அங்கேதான் வெல்கிறது.

தனி ஆளாக முடியாததைப் பலர் சேர்ந்து செய்ய அதே சட்டத்தில் இடம் உண்டு. ஒரே குறையுள்ள பலருக்காக ஒருவர் புகார் தரலாம். பதிவு பெற்ற நுகர்வோர் சங்கங்களும் தரலாம். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. அத்துறையின் அலுவலகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. கடையின் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை இட வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? தங்கம் நிறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசைப் பார்க்கும் நாம், தக்காளி நிறுக்கும்போது அலைபேசியைப் பார்க்கிறோம்.

படித்த பிள்ளைகள் நாம் என்ன செய்யலாம்? பேரணி வேண்டாம், பட்டிமன்றமும் வேண்டாம். நம் வேதியியல் துறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துல்லியத் தராசு இருக்கிறது. மாதத்துக்கு ஒரு நாள், வகுப்பு முடிந்தபின், மாணவர்கள் அவரவர் வீட்டில் வாங்கும் சிறு பொட்டலங்களைக் கொண்டுவரட்டும். பிஸ்கட், சோப்பு, தேயிலை, மிளகாய்த் தூள் என எதுவானாலும் சரி. அச்சிட்ட எடை, உண்மை எடை, விலை, நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பட்டியலிட்டு நூலகத்துக்கு வெளியே உள்ள பலகையில் ஒட்டுவோம். சென்ற மாதத்துப் பட்டியலைக் கிழிக்காமல் அதன் பக்கத்திலேயே புதியது இருக்கட்டும். பட்டியல் எழுதும் வேலையைப் பொருளியல் துறை மாணவர்கள் ஏற்கிறோம். தராசைத் தொடுவதற்கு வேதியியல் துறைத் தலைவர் அவர்களின் இசைவு மட்டும் வேண்டும். நிறுத்து முடித்த பிஸ்கட்டுகளை என்ன செய்வது என்ற கவலை அவருக்கு வேண்டாம். வணிகவியல் துறை நண்பர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.