தேன் நிலவுக்கு இத்தாலி போக வேண்டுமா?

முகூர்த்த நாளில் திருவந்திபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். எங்கே திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக மணமக்கள்! ஒரே நாளில் நூறு கல்யாணங்களுக்கு மேல் நடப்பதும் உண்டு. தேவநாத சாமி சன்னதியில் தாலி கட்டினால் வாழ்வு செழிக்கும் என்பது அந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை.

சரி, தாலி கட்டியாயிற்று. பந்தியும் முடிந்தது. பிறகு?

மறுவீடு, மாமா வீட்டு விருந்து, சித்தப்பா வீட்டு விருந்து என்று பத்து நாட்கள் ஓடி விடும். அதற்குள் மாப்பிள்ளையின் லீவு தீர்ந்து விடும். அந்தப் பத்து நாளில் புருஷனும் பெண்சாதியும் தனியாகப் பேசிய பேச்சைக் கூட்டிப் பார்த்தால், ஒரு மணி நேரம் தேறாது!

"தேன் நிலவா? அது பணக்காரர் சமாசாரம்" என்று பெரியவர்கள் தட்டி விடுகிறார்கள். இளைஞர்களோ இன்னொரு கோடிக்குப் போகிறார்கள். இத்தாலி நாட்டுக் கடற்கரை, எரிமலையில் புதைந்த பொம்பெயி நகரம் என்று விளம்பரத்தைப் பார்த்து, லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் புறப்படுகிறார்கள். பயணம் ஒரு வாரம். தவணையோ, முதல் குழந்தை நடக்கத் தொடங்கும் வரை!

தேன் நிலவு வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் கடன் வேண்டாம். கடலும் பழைய இடிபாடும்தானே பார்க்க வேண்டும்? இரண்டும் பஸ் போகும் தூரத்தில் இருக்கின்றன.

பீரங்கிக் குண்டு அளந்த நிலம்

திருவந்திபுரத்தை ஒட்டி ஓடும் கெடிலம் ஆறு, கடலூரைத் தாண்டிக் கடலில் கலக்கிறது. அங்கே தேவனாம்பட்டினம். வெள்ளி மணல் கடற்கரை.

பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. மராட்டியரிடம் இருந்து 1690-ல் ஆங்கிலேயர் அதை விலைக்கு வாங்கினார்கள். எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? பெரிய பீரங்கியைப் பல திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை அவர்களுக்குச் சொந்தம்! கடலூரில் "குண்டு சாலை" என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

சென்னையைப் பிரெஞ்சுக்காரர் 1746-ல் பிடித்தபோது, இந்தக் கோட்டைதான் தென்னாட்டில் ஆங்கிலேயரின் தலைமை இடம் ஆயிற்று. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதையும் பிடித்து இடித்துத் தள்ளினான்.

இத்தாலியே வந்த இடம்

கடலூரில் இருந்து வடக்கே புதுச்சேரி பஸ் ஏறினால், புதுச்சேரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அரிக்கமேடு. ஆற்றங்கரை மேடு, தென்னந்தோப்பு. பார்த்தால் ஒன்றும் தோன்றாது.

1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டினார். என்ன கிடைத்தது? இத்தாலியில் உள்ள அரெஸ்ஸோ ஊர்ப் பாணியில் செய்த சிவப்புத் தட்டுகள்! திராட்சை மது வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகள்! சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் நம் கரைக்கு வந்த சரக்கு அது. அரிக்கமேட்டில் செய்த மணிகள் கப்பல் ஏறின.

பொம்பெயியில் 1938-ல் ஒரு சிறிய தந்தப் பதுமை கிடைத்தது. இந்தியாவில் செதுக்கிய பெண் உருவம்! கி.பி. 79-ல் எரிமலை வெடித்து ஊர் புதைந்தபோது, அதுவும் சேர்ந்து புதைந்து விட்டது. நம்மவர் கடன் வாங்கிப் பார்க்கப் போகும் ஊருக்கு, நம் நாட்டுப் பதுமை என்றைக்கோ போய் விட்டது!

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி விடுகிறேன். அரிக்கமேட்டில் ரோமானியத் தூண் எதுவும் நிற்காது. தோண்டிய குழிகளை மூடி விட்டார்கள். மேலே தெரியும் செங்கல் சுவர்கள் 18-ம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டியவை. ஜாடி, மணி எல்லாம் புதுச்சேரி மியூசியத்தில் இருக்கின்றன. முதலில் மியூசியம், பிறகு மேடு என்று போனால் விளங்கும்.

பிச்சாவரம் படகு

மறுநாள் தெற்கே சிதம்பரம். நடராசர் தரிசனம் முடித்து, பிச்சாவரத்துக்குப் போகலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரத்தை அங்கே காணலாம். தொட வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. எம்.ஜி.ஆர். நடித்த "இதயக்கனி" (1975) படமான இடமும் இதுதான்.

மோட்டார் படகு வேண்டாம். துடுப்புப் படகுதான் மரங்களுக்கு நடுவே குறுகிய வாய்க்காலில் நுழையும். சத்தமும் இல்லை. பேசுவதற்கு அதை விட நல்ல இடம் ஏது?

இனி பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. விருந்தில் இரண்டைக் குறையுங்கள். அந்தப் பணத்தைப் பஸ்ஸுக்கும் படகுக்கும் மணமக்கள் கையில் கொடுங்கள். "புதுப் பெண் தனியாகவா?" என்று, துணைக்கு நாத்தனாரையும் தம்பியையும் சேர்த்து அனுப்பாதீர்கள். 1961-ல் வந்த "தேன் நிலவு" படத்தில், அப்பாவின் தேன் நிலவுக்கு வயது வந்த மகளும் கூடவே காஷ்மீர் போவாள். அது சினிமா. சிரித்து விட்டு வந்தோம்!