சிறுதேரும் பரிசுப் பொதியும்

குழந்தையின் பிறந்தநாளுக்கு என்ன பரிசளிப்பது என்பது கட்டுரை எழுதத்தக்க பொருளா என்று நண்பர்கள் சிலர் எண்ணக்கூடும். நமக்கு அது சிறிய விஷயமாகப் படவில்லை. பரிசைக் கொடுக்கும் வேளையில் நாம் யாருடைய முகத்தைப் பார்க்கிறோம் என்று கவனித்தால் போதும். கையிலிருக்கும் பொதி குழந்தையிடம் நீள்கிறது. கண் பெற்றோரிடம் நிற்கிறது. இன்று பெரும்பாலான பரிசுகள் பெற்றோருக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பது நம் கருத்து.

இதன் வேர் மொய்யில் இருக்கிறது. கல்யாண மொய்யை நாம் குறை கூறவில்லை. பெருஞ்செலவு வந்த வீட்டுக்கு ஊரும் உறவும் சேர்ந்து கைகொடுக்கும் ஏற்பாடு அது. பெயர், ஊர், தொகை என எழுதி வைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வதில் ஒரு நியாயமும் உண்டு. ஆனால் அது பெரியவர்களுக்கிடையிலான கணக்கு. அதே கணக்கு ஐந்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குள் நுழையும்போது, 'போன வருடம் அவர்கள் என்ன கொடுத்தார்கள்?' என்ற கேள்வியே பரிசைத் தீர்மானிக்கிறது. 'ரிட்டர்ன் கிஃப்ட்' என்னும் புதுவழக்கமோ அந்தக் கடனை அன்று மாலையே பைசல் செய்துவிடுகிறது.

இதில் அடிபடுபவர் யார்? வகுப்பில் ஒருமுறை பேச்சு இப்பக்கம் திரும்பியபோது மாணவி ஒருவர் சொன்னார்: ஆறாம் வகுப்பில் நெருங்கிய தோழியின் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது, வீட்டில் பரிசு வாங்கக் காசு கேட்க மனமில்லாமல், தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். தோழிக்குக் கோபம்; அந்த நட்பு அத்தோடு தேய்ந்தது. பரிசு வாங்க இயலாத பிள்ளை விழாவுக்கு வராமலே இருந்துவிடுகிறது, காரணத்தையும் சொல்வதில்லை. ஆதலால் விழா நடத்துவோருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை.

சரி, குழந்தைக்கு உண்மையில் எது மகிழ்ச்சி தருகிறது? நம் பழம்பாடல்கள் இதைக் கூர்ந்து கவனித்திருக்கின்றன. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார், தச்சன் செய்து தந்த சிறுதேரை உவமையாக்குகிறார். அதில் ஏறிச் செல்லும் இன்பம் பிள்ளைகளுக்கு வாய்ப்பதில்லை. கையால் இழுத்துச் செல்வதிலேயே இன்பம் காண்கிறார்கள். பாடல் காதலைப் பற்றியது. எனினும் பிள்ளை மனம் பற்றிய செய்தி அதில் பிசகாமல் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டுகளிலும் சிறுதேரைக் காட்டுகிறார். பட்டினப்பாலையில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று உருளை கொண்ட தேரைக் குதிரையின்றி உருட்டுகிறார்கள். கோழியை ஓட்ட எறிந்த பொற்குழை அதன் வழியில் கிடந்து தடுக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்துப் பிள்ளைகள் தச்சர் செய்த தேரை உருட்டிக் களைத்து, பாலுண்டு உறங்குகிறார்கள்.

மூன்றிடத்திலும் தேர் குறையுடைய தேர்தான். ஏற முடியாது, இழுக்கக் குதிரையும் இல்லை. அந்தக் குறையைப் பிள்ளை தன் கையாலும் கற்பனையாலும் நிரப்புகிறது. தானே ஓடும் ரிமோட் காரில் அந்த இடம் மிகக் குறைவு. கார் ஓடுகிறது, குழந்தை பார்த்து நிற்கிறது. பேட்டரி தீர்ந்ததும் ஆட்டமும் தீர்கிறது. எனவே, பிள்ளை செய்வதற்கு இந்தப் பொருள் எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்பதே நாம் கொள்ளும் அளவுகோல்.

இதை மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலான வழக்காக யாரும் கொள்ள வேண்டாம். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டப்படும் அழகிய மரப்பொம்மை இந்த அளவுகோலில் தோற்றுவிடும்; அடுக்கிக் கலைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் தேறும். செப்புச்சாமான் தேறும், அதை ஆண்பிள்ளைக்கும் தயங்காமல் தரலாம். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளுள், உருண்ட அடிப்பாகம் கனமாக இருப்பதால் தள்ளத் தள்ள நிமிர்கிறதே, அந்த வகையும் தேறும். எத்தனை முறை தள்ளினாலும் ஏன் விழவில்லை என்று குழந்தை சோதித்துக்கொண்டே இருக்கும். களிமண், வண்ணக் கட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு பிடி அவரை விதையும் ஒரு தொட்டியும் என்று பட்டியல் நீளும். இவற்றில் பல, விலை சொல்லிப் பெருமைப்பட முடியாதவை. அதுவும் ஒரு நன்மையே.

பாதுகாப்பை மறக்கலாகாது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு வாயில் போடத்தக்க சிறு உறுப்புகள் கொண்டவை ஆகா. விழுங்கப்பட்ட பொத்தான் பேட்டரி உணவுக்குழாயையே அரித்துவிடும். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு.

நூல் நேசர்களாகிய நம்மவர்க்கும் ஒரு சொல். ஆறு வயதுப் பிள்ளைக்குத் திருக்குறள் விரிவுரையைப் பரிசளிப்பதும் தந்தையைப் பார்த்துக் கொடுக்கும் பரிசுதான். பிள்ளையின் வயதுக்கான படக்கதை நூலை எடுத்துச் சென்று, அரைமணி நேரம் உடனமர்ந்து படித்துக் காட்டிவிட்டு வந்தால் அந்நூல் மறுநாளும் திறக்கப்படும். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வும் 1972இல் தொடங்கிய 'கோகுல'மும் வந்த காலத்தில், சந்தா கட்டிவிட்டால் மாதந்தோறும் ஒரு பரிசு வீடு தேடி வந்தது. இரண்டும் அச்சில் நின்றுபோன இந்நாளில் அந்தத் தபால்காரரின் வேலையை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

'குழந்தை விளம்பரத்தில் பார்த்துக் கேட்பது ரிமோட் காரைத்தானே' என்பார்கள். கேட்டதைப் பெற்றோர் வாங்கித் தரட்டும். அது அவர்கள் உரிமை. விருந்துக்கு வரும் இருபது பேரும் அதே போட்டியில் இறங்க வேண்டியதில்லை.

அழைப்போர் செய்யத்தக்கதும் உண்டு. பொதிகளைச் சபையில் பிரிக்காதிருக்கலாம். யார் எதைக் கொடுத்தார் என்று அன்று எவரும் அறிய வேண்டாம். வகுப்புத் தோழர்களிடம், தம் கையால் வரைந்த ஒரு வாழ்த்து போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிறந்தநாளன்று புத்தாடையுடன் வகுப்பு முழுதும் மிட்டாய் வழங்கும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுங்காலமாக உண்டு. அதில் கொடுப்பது பிறந்தநாள் பிள்ளை. மற்றவர்கள் கை நீட்டினால் போதும். தலைவலி என்று பொய் சொல்லி எந்தப் பிள்ளையும் வீட்டில் தங்க நேராதபடி, விழாவையும் அந்த முறைக்கு நாம் கொண்டுவர வேண்டும்.